வலி யார்? நிக்காஹ்வில் பெண்ணுக்காக உட்காருகிறவர்

ராயபுரத்தில் எங்கள் வீட்டு மாடியில் ஞாயிற்றுக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு பெண்பிள்ளைகள் பதினைந்து இருபது பேர் வந்து உட்காருவார்கள். காலேஜ் படிக்கிறவர்கள், எம்.சி. ரோட்டுத் துணிக்கடையில் நிற்கிறவர்கள், பத்தாவதோடு நின்று வீட்டில் தையல் போடுகிறவர்கள் எல்லோரும் கலந்த கூட்டம். ஒளுவில் (தொழுகைக்கு முன் கை கால் கழுவுவதில்), நோன்பில் ஆரம்பிக்கிற பேச்சு எப்படியும் கல்யாணத்தில் வந்து நிற்கும். போன மாதம் அவர்களில் ஒருத்தி கேட்டாள்: "லாத்தா, என்னை வளர்த்தது எங்க மாமா. படிக்க வெச்சது மாமா. எங்க வாப்பா முகத்தைப் பார்த்து எட்டு வருஷம் ஆச்சு. ஜமாஅத்துல, பள்ளிவாசல் நிர்வாகத்துல போய்க் கேட்டா, உன் வலி வாப்பாதான், மாமா இல்லைங்கிறாங்க. இது என்ன நியாயம்?"

அன்றைக்கு அவளுக்குச் சொன்னதையும், மஃரிபுக்கு பாங்கு சொல்லிவிட்டதால் சொல்ல முடியாமல் போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். ஃபத்வா, அதாவது மார்க்கத் தீர்ப்பு கொடுக்கிற இடத்தில் நான் இல்லை. உங்கள் வீட்டுக் காரியத்துக்கு உங்கள் பள்ளி ஹஜ்ரத்தைத்தான் (இமாமைத்தான்) கேட்க வேண்டும். ஆனால் ஹஜ்ரத்திடம் போய் என்ன கேட்பது என்பதாவது தெரிந்திருக்க வேண்டாமா? நிறைய பெண்களுக்கு அதுவே தெரியவில்லை. கேட்கக் கூச்சம், அல்லது கேட்டால் 'ஓடிப்போகத் திட்டமா' என்று வீட்டில் சந்தேகம். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் சொல். தமிழில் 'வலி' என்று எழுதினால் வெளியில் உள்ளவர்கள் தலைவலி, கால்வலி என்று படித்துவிடுவார்கள். இது அரபியில் இருந்து வந்த சொல். வலிய்யு என்றால் நெருங்கி நிற்பவர், காப்பவர், பொறுப்பு ஏற்பவர், நேசர் என்றெல்லாம் பொருள். நம் பேச்சில் வலி, வலிகாரர் என்று ஆகிவிட்டது. ராயபுரத்தில் குணங்குடி மஸ்தான் சாகிபு தர்கா இருக்கிறதே, அந்தப் பக்கம் போகும்போது பெரியவர்கள் 'வலியுல்லா' என்கிறார்களே, அதுவும் இதே சொல்தான். பன்மையில் அவுலியா. (அவர் தொண்டியில் இருந்து வந்தவர், அதனால் மக்கள் தொண்டியார் என்று அழைத்தார்கள், தண்டையார்பேட்டை என்ற பெயரே அப்படித்தான் வந்தது என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள்.) அல்லாஹ்வுக்கு நெருக்கமானவர் வலியுல்லாஹ். பெண்ணுக்கு நெருக்கமாக நின்று அவள் நன்மையைப் பார்க்க வேண்டியவர் நிக்காஹ்வின் வலி. இந்தப் பொருளை மனதில் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் விளங்கும்.

நிக்காஹ் நம் மார்க்கத்தில் ஓர் ஒப்பந்தம். ஒரு பக்கம் 'கொடுத்தேன்' என்று சொல்ல வேண்டும், இன்னொரு பக்கம் 'ஏற்றுக்கொண்டேன்' என்று சொல்ல வேண்டும். இதைத்தான் ஈஜாப், கபூல் என்கிறார்கள். இரண்டு சாட்சிகள் அதைக் காதால் கேட்க வேண்டும். மாப்பிள்ளை தன் பக்கத்தைத் தானே சொல்லிவிடுகிறார். பெண் பக்கத்தில் 'என் மகளை இன்ன மஹருக்கு உங்களுக்கு நிக்காஹ் செய்து தந்தேன்' என்று சொல்கிறவர் வலி. (மஹர் என்றால் மாப்பிள்ளை பெண்ணுக்குத் தர வேண்டிய மணக்கொடை.) பல கல்யாணங்களில் வலி அந்தப் பொறுப்பை ஹஜ்ரத்திடம் கொடுத்துவிடுவார், ஹஜ்ரத் அவர் சார்பாகச் சொல்லுவார். மண்ணடிப் பக்கம் பள்ளிவாசலிலோ மண்டபத்திலோ நீங்கள் பார்த்திருப்பீர்கள்: பெண்ணின் வாப்பாவும் மாப்பிள்ளையும் எதிரெதிரே உட்கார்ந்து கையைப் பிடித்திருப்பார்கள், நடுவில் ஹஜ்ரத், முன்னால் நீளமான தப்தர், அதாவது நிக்காஹ் பதிவேடு. அந்தக் கைப்பிடி ஒரு வழக்கம், அவ்வளவுதான். நிக்காஹ்வைக் கட்டுவது அந்தச் சொற்கள்.

யார் யார் வலி?

ஷாபி மத்ஹபில் (மத்ஹப் என்றால் மார்க்கச் சட்டத்தில் பின்பற்றுகிற ஒரு வழி) வரிசை இப்படிப் போகும். முதலில் வாப்பா. அவர் இல்லையென்றால் வாப்பாவின் வாப்பா. பிறகு தாயும் தகப்பனும் ஒன்றான காக்கா (அண்ணன்), தம்பி. பிறகு தகப்பன் மட்டும் ஒன்றான சகோதரன். பிறகு இவர்களுடைய ஆண்மக்கள் இதே வரிசையில். பிறகு வாப்பாவின் உடன்பிறந்த பெரியவாப்பா, சாச்சா (சித்தப்பா), அவர்களுடைய ஆண்மக்கள். இவர்கள் யாருமே இல்லாத பெண்ணுக்குக் காஜி, அதாவது மார்க்க நீதிபதியின் இடத்தில் இருப்பவர். கிட்டத்தில் இருப்பவரைத் தாண்டி தூரத்தில் இருப்பவர் கொடுக்க முடியாது. காக்கா ஊரில் நல்லபடியாக இருக்கும்போது, தெருவில் பெரிய மனிதர் என்பதற்காகச் சாச்சாவை உட்கார வைத்தால் ஷாபி சட்டத்தில் அந்த நிக்காஹ் செல்லாது. இந்தத் தவறு நடக்கிறது, எங்கள் சொந்தத்திலேயே நடக்க இருந்தது. காக்காவுக்கும் சாச்சாவுக்கும் ஒரு கடைத் தகராறு. 'அவன் உட்கார்ந்தால் நான் வரமாட்டேன்' என்றார் சாச்சா. நிக்காஹ்வுக்கு ஒரு மணி நேரம் முன்னால் ஹஜ்ரத் இருவரையும் தனியே கூப்பிட்டு, காக்கா வலி, சாச்சா சாட்சி என்று முடித்துவைத்தார்.

மேலே உள்ள வரிசையை இன்னொரு முறை பாருங்கள். எல்லோரும் தகப்பன் வழி. மாமா இல்லை, உம்மாவின் வாப்பா இல்லை, தாய் மட்டும் ஒன்றான சகோதரன் இல்லை. தமிழ் நாட்டில் இது நெஞ்சில் இடிக்கிற இடம். இங்கே தாய்மாமனுக்கு இருக்கிற மரியாதை வேறு யாருக்கு உண்டு? காது குத்தினாலும் சடங்கு செய்தாலும் மாமன் சீர்தான் முதலில் வரும். முஸ்லிம் வீடுகளிலும் மாமாவைக் கேட்காமல் சம்பந்தம் பேச மாட்டோம். அவ்வளவு உரிமை உள்ள மாமா நிக்காஹ் மேடையில் வலியாக முடியாது என்றால் அந்தப் பெண்ணுக்குக் கோபம் வரத்தான் செய்யும். அவள் கோபத்தில் தவறு இல்லை. ஆனால் இந்த வரிசை, யார் பாசம் வைத்தார்கள் என்று பார்த்துப் போட்ட வரிசை இல்லை. அரபு நாட்டில் ஒரு பெண்ணுக்கு அநியாயம் நடந்தால் கேட்கக் கடமைப்பட்டவர்கள் தகப்பன் வழி ஆண்கள். கடமை யாருக்கோ, பொறுப்பும் அவருக்கு என்ற கணக்கு.

ஹனபி மத்ஹபில் கொஞ்சம் மாறும். அங்கே, மறுமணம் செய்கிற பெண்ணுக்கு அவள் பெற்ற மகன் இருந்தால் அவனுக்கு முதல் இடம். ஷாபியில் மகன் என்பதற்காக வலியாக முடியாது. தகப்பன் வழியில் ஒருவருமே இல்லையென்றால் தாய்க்கும் தாய்வழிச் சொந்தத்துக்கும்கூட இடம் உண்டு என்பது இமாம் அபூ ஹனீஃபாவின் கருத்து.

வலி முஸ்லிமாக, வயது வந்தவராக, புத்தி தெளிவுள்ளவராக இருக்க வேண்டும். அதற்கு மேல் நுணுக்கங்கள் நிறைய உண்டு, அதைக் கிதாபில் படிக்கிறவர்கள் படிக்கட்டும்.

வலி இல்லாமல் நிக்காஹ் செல்லுமா?

மாடியில் என்னிடம் மெதுவாகக் கேட்கப்படுகிற கேள்வி இதுதான். பதில் மத்ஹபுக்கு மத்ஹப் வேறுபடுகிறது. ஷாபி, மாலிகி, ஹன்பலி மூன்றிலும் வலி இல்லாமல் நிக்காஹ் இல்லை. அபூ மூஸா அல்அஷ்அரி (ரலி) அறிவிக்கும் 'வலி இல்லாமல் திருமணம் இல்லை' என்ற ஹதீஸ் (நபிமொழி) அபூ தாவூத், திர்மிதி நூல்களில் இருக்கிறது. வலியின் அனுமதி இல்லாமல் நடந்த நிக்காஹ் பாத்தில் (செல்லாதது) என்று நபி (ஸல்) மூன்று தடவை சொன்னதாக ஆயிஷா (ரலி) அறிவிக்கும் ஹதீஸும் உண்டு. அதே ஹதீஸின் கடைசியில், வலிகள் தங்களுக்குள் சண்டை போட்டுக்கொண்டால் வலி இல்லாதவளுக்கு ஆட்சியாளர் வலி என்றும் வருகிறது. முன்பகுதியை மட்டும் சொல்லிப் பெண்களை அதட்டுகிறவர்கள் இந்தக் கடைசி வரியைச் சொல்வதில்லை.

ஹனபியில் வயது வந்த, புத்தி தெளிவுள்ள பெண் தன் நிக்காஹ்வைத் தானே செய்துகொள்ளலாம், செல்லும். குர்ஆனில் 2:230 வசனம் 'அவள் வேறொரு கணவனை மணக்கும் வரை' என்று மணக்கிற செயலை அவள் மேலேயே வைத்துச் சொல்கிறது என்பது அவர்கள் ஆதாரங்களில் ஒன்று. ஆனால் பொருத்தமில்லாத ஆளை அவள் கட்டிக்கொண்டால், அல்லது அவள் குடும்பத்துப் பெண்களுக்கு வழக்கமாகக் கிடைக்கிற மஹரைவிடக் குறைத்து ஒத்துக்கொண்டால், வலி ஆட்சேபிக்கலாம். அப்படியானால் ஹனபியில் வலி வெளியேற்றப்பட்டுவிடவில்லை, காவலாக வாசலில் நிற்கிறார்.

சென்னையில் இது ஏன் முக்கியம் என்றால், இங்கே இரண்டு மத்ஹபும் ஒரே தெருவில் இருக்கிறது. கீழக்கரை, காயல்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களில் இருந்து மண்ணடிக்கு வியாபாரத்துக்கு வந்தவர்கள் பெரும்பாலும் ஷாபி. உருது பேசுகிறவர்களும் ராவுத்தர்களும் பெரும்பாலும் ஹனபி. ஆனால் நான் பார்த்த வரையில் எந்த ஜமாஅத்திலும் வலி இல்லாமல் தப்தரைத் திறக்க மாட்டார்கள். அது நல்லது என்றே நினைக்கிறேன். பெண் பக்கம் ஒரு ஆள் கூட இல்லாமல் நடக்கிற கல்யாணத்தில் நாளைக்கு ஒரு பிரச்சினை என்றால் போய் நிற்க வாசல் இருக்காது. வலியைத் தேடச் சொல்வது சரி. வலி கிடைக்காத பெண்ணை வாசலிலேயே திருப்பி அனுப்புவதுதான் சரியில்லை.

வலிக்கு அதிகாரம் உண்டு, பெண்ணுக்கு?

என் நிக்காஹ் மண்ணடியில் ஒரு மண்டபத்தில் நடந்தது. கீழே ஆண்கள், மாடியில் நாங்கள். லுஹர் தொழுகை முடிந்ததும் வாப்பா இரண்டு சாட்சிகளோடு மேலே வந்தார். சட்டைப் பையில் மூடியில்லாத பேனா, பையின் அடியில் நீலமாக மை ஊறியிருந்தது. தப்தரை என் மடியில் வைத்துவிட்டு மாப்பிள்ளையின் பெயர், அவர் வாப்பா பெயர், மஹர் நாலு பவுன் என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "சம்மதமாம்மா?" என்றார். நான் தலையை ஆட்டினேன். பின்னால் இருந்த பெரியம்மா, "ஆட்டிட்டா, ஆட்டிட்டா, போங்க" என்றார்கள். வாப்பா நகரவில்லை. "இந்த முக்காட்டுக்குள்ள தலை எந்தப் பக்கம் ஆடுதுன்னு எனக்குத் தெரியல. சாட்சிக்காரங்களும் கேக்கணும். வாயால சொல்லு" என்றார். "சம்மதம் வாப்பா" என்றேன். அதற்குப் பிறகுதான் பேனாவை என் கையில் கொடுத்தார்.

இன்றைக்கு நினைத்துப் பார்த்தால், அவர் உண்மையில் கேட்டது அன்றைக்கு இல்லை. மூன்று மாதத்துக்கு முன்னால், பத்திரிகை அடிக்க ஆண்டர்சன் தெருவுக்குப் போவதற்கு முந்தின நாள், உம்மாவைக்கூட கீழே இருக்கச் சொல்லிவிட்டு மாடியில் என்னைத் தனியாகக் கேட்டார். "வேணாம்னா இப்ப சொல்லு. நாளைக்கு அச்சுக்குப் போயிடும்." அதுதான் கேள்வி. முந்நூறு பேர் கீழே உட்கார்ந்திருக்க, பிரியாணி தம்மில் இருக்க, நகை மாட்டி உட்கார வைத்துவிட்டு சம்மதமா என்று கேட்டால் எந்தப் பெண் இல்லை என்பாள்? மேடை நாளில் கேட்பது சாட்சிக்காக. அதற்கு முன்னால் தனியாகக் கேட்பதுதான் சம்மதம் வாங்குவது.

நபி (ஸல்) அவர்கள் இதை மிகத் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள். முன்பு மணமான பெண்ணிடம் கலந்து பேசாமல் மணமுடிக்கக் கூடாது, கன்னிப் பெண்ணிடம் அனுமதி கேட்காமல் மணமுடிக்கக் கூடாது. அவளுடைய அனுமதி எப்படித் தெரியும் என்று தோழர்கள் கேட்டபோது, அவள் மௌனமாக இருப்பதே அனுமதி என்றார்கள். புகாரியில் உள்ள ஹதீஸ். இந்த மௌனத்தைத்தான் நம் வீடுகளில் இஷ்டத்துக்கு வளைக்கிறார்கள். வெட்கப்படுகிற பிள்ளைக்கு வாய் திறக்க வேண்டிய கஷ்டத்தைக் குறைக்கத் தந்த சலுகை அது. பயந்து வாயடைத்துப் போனவளின் மௌனத்தை அதில் சேர்க்க முடியாது. பழைய ஹனபி சட்ட அறிஞர்கள் இதை எவ்வளவு நுட்பமாகப் பார்த்தார்கள் தெரியுமா? கேட்டதும் அவள் கேலியாகச் சிரித்தால் அது சம்மதம் ஆகாது, சத்தம் போட்டு அழுதால் அதுவும் சம்மதம் ஆகாது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். முன்பு மணமானவளோ வாயால் சொல்லியே ஆக வேண்டும், மௌனம் போதாது.

கன்ஸா பின்த் கிதாம் (ரலி) என்ற அன்சாரிப் பெண், முன்பே மணமானவர். அவருக்குப் பிடிக்காத இடத்தில் தகப்பனார் மணமுடித்து வைத்துவிட்டார். நபியிடம் போய்ச் சொன்னார். நபி (ஸல்) அந்த நிக்காஹ்வை ரத்து செய்தார்கள். இதுவும் புகாரியில் உள்ளது. இன்னொரு பெண்ணின் செய்தி நஸாயீயிலும் இப்னு மாஜாவிலும் வருகிறது. தன் மதிப்பை உயர்த்திக்கொள்ளத் தகப்பன் தன்னை அவர் சகோதரர் மகனுக்குக் கட்டிவைத்தார் என்று முறையிட்டாள். முடிவு உன் கையில் என்று அவளுக்குச் சொல்லப்பட்டது. அவள், 'என் தகப்பன் செய்ததை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் இந்த விஷயத்தில் தகப்பன்மாருக்கு அதிகாரம் இல்லை என்று பெண்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் வந்தேன்' என்றாளாம். எத்தனை தடவை சொன்னாலும் இந்த இடத்தில் மாடியில் ஒரு நிமிஷம் பேச்சு நின்றுவிடும்.

ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. ஷாபி கிதாபுகளில் 'வலி முஜ்பிர்' என்று ஒன்று வருகிறது. தகப்பனும் தகப்பனின் தகப்பனும் கன்னிப் பெண்ணை அவள் அனுமதி இல்லாமலே மணமுடிக்கலாம், கேட்பது விரும்பத்தக்கது என்பது அந்தச் சட்டம். அதற்கும் நிபந்தனைகள் உண்டு: தகப்பனுக்கும் மகளுக்கும் வெளிப்படையான பகை இருக்கக் கூடாது, மாப்பிள்ளை பொருத்தமானவராக இருக்க வேண்டும், மஹர் குறையக் கூடாது. இப்படி ஒரு சட்டம் இல்லை என்று பிள்ளைகளிடம் நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் இன்றைக்கு, படித்த, சம்பாதிக்கிற, சுயபுத்தியுள்ள பிள்ளையிடம் இதைக் காட்டி 'உன்னைக் கேட்க வேண்டியதில்லை' என்கிற தகப்பன், மேலே சொன்ன ஹதீஸ்களின் முன்னால் நிற்க முடியாது என்பது என் உறுதியான எண்ணம். ஹனபியில் வயது வந்த பெண்ணைக் கட்டாயப்படுத்த யாருக்கும் உரிமையே இல்லை. நம் நாட்டு நீதிமன்றமும் அப்படித்தான் பார்த்தது. பருவமடைந்த ஷாபிப் பெண்ணைத் தகப்பன் அவள் சம்மதமில்லாமல் கட்டிக்கொடுத்தால் அது செல்லாது என்று 1939இல் மும்பை உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது.

உம்மாவின் இடம் என்ன? ஷாபி வரிசையில் அவள் பெயர் இல்லை, ஹனபியிலும் தகப்பன் வழியில் யாரும் இல்லாதபோதுதான். ஆனால் 'பெண்மக்கள் விஷயத்தில் அவர்களின் தாய்மாரிடம் ஆலோசனை கேளுங்கள்' என்ற ஹதீஸ் அபூ தாவூதில் இருக்கிறது. வாப்பாவிடம் சொல்லாததை மகள் உம்மாவிடம் சொல்லுவாள் என்பது யாருக்குத் தெரியாது?

வலி மறுத்தால்

எங்கள் தெருவில் ஒரு பெண், கணவர் இறந்து ஆறு வருஷம், இரண்டு பிள்ளைகள். தெரிந்த குடும்பத்தில் நல்ல இடம் வந்தது. அவளுக்கும் சம்மதம். வாப்பா இல்லை, காக்காதான் வலி. அவர் முடியாது என்றார். காரணம் கேட்டால் "ஊர் என்ன பேசும்" என்பதற்கு மேல் ஒன்றும் இல்லை. ஐந்து மாதம் இழுத்தது.

கடைசியில் ஹஜ்ரத் அவரை இஷா தொழுகைக்குப் பிறகு பள்ளியில் உட்கார வைத்து மஃகில் பின் யஸார் (ரலி) என்ற நபித்தோழரின் கதையைச் சொன்னார். மஃகில் தன் சகோதரியை ஒருவருக்குக் கட்டிக்கொடுத்தார். அவர் தலாக் சொன்னார். இத்தா (தலாக்குக்குப் பின் பெண் காத்திருக்கும் காலம்) முடிந்ததும் மனம் மாறித் திரும்பவும் பெண் கேட்டு வந்தார். அவளுக்கும் அவரோடு வாழ விருப்பம். மஃகிலுக்கோ கோபம்: 'உனக்குக் கொடுத்தேன், மதித்தேன், நீ தலாக் சொன்னாய். இனி ஒருபோதும் தரமாட்டேன்' என்றார். அப்போதுதான் குர்ஆனில் அல்பகரா அத்தியாயத்தின் 232ஆவது வசனம் இறங்கியது: அவர்கள் தங்கள் கணவர்களை மணந்துகொள்வதைத் தடுக்காதீர்கள். கேட்டதும் மஃகில் மறுபேச்சில்லாமல் சகோதரியை மணமுடித்துக் கொடுத்தார். ஹஜ்ரத் கேட்டாராம், "உங்களுக்கு இருக்கிற காரணம் மஃகிலுக்கு இருந்ததைவிடப் பெரிசா?" அந்தக் காக்கா அன்றைக்கு ஒன்றும் பேசாமல் எழுந்து போனார். இரண்டு வாரம் கழித்து ஒத்துக்கொண்டார். நிக்காஹ்வுக்கு லேட்டாகத்தான் வந்தார், முகம் இறுகித்தான் இருந்தது, ஆனால் கையைக் கொடுத்தார்.

ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால்? பொருத்தமான இடத்தை அவள் காட்டியும் வலி நியாயமில்லாமல் மறுத்தால், ஷாபி சட்டப்படி ஹாகிம், அதாவது அதிகாரமுள்ள நீதிபதி, மணமுடித்து வைக்கலாம். இங்கே அந்த இடத்தில் மக்கள் காஜியிடம் போகிறார்கள். ஆனால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: 1880ஆம் ஆண்டின் காஜிகள் சட்டப்படி அரசு காஜியை நியமிக்கிறது, நிக்காஹ் நடத்திவைக்கிறார், ஆனால் அந்தச் சட்டம் அவருக்கு நீதிபதியின் அதிகாரத்தைக் கொடுக்கவில்லை. அவரோ ஜமாஅத்தோ பேசலாம், எடுத்துச் சொல்லலாம், மணமுடித்து வைக்கலாம். ஒருவரைச் சட்டத்தால் பணிய வைக்க நீதிமன்றத்தால்தான் முடியும்.

மறுக்கிற எல்லா வலியும் கெட்டவர் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். மாப்பிள்ளையின் குடிப்பழக்கத்தை விசாரித்து வந்து, மகள் அழுதாலும் வேண்டாம் என்று நின்ற தகப்பனை எனக்குத் தெரியும். அவர் செய்ததுதான் வலியின் வேலை. காரணத்தை வெளியில் வைத்துச் சொல்ல முடிந்தால் அது அக்கறை. சொல்ல முடியாத காரணம் என்றால் பெரும்பாலும் சொத்து, சாதிபோல் ஆகிவிட்ட குடும்பப் பெருமை, அல்லது சம்பாதிக்கிற பெண்ணை விட மனமில்லாமை.

இஸ்லாத்தை ஏற்ற பெண்ணுக்கு வலி யார் என்றும் கேட்கிறார்கள். முஸ்லிம் அல்லாத தகப்பன் வலியாக முடியாது. ஆனால் அதற்காகப் பெற்றவரை அவமதிக்கச் சொல்லவில்லை. நபி (ஸல்) அவர்களின் துணைவியார் உம்மு ஹபீபா (ரலி) அபிசீனியாவில் தனியாக இருந்தார்கள். தகப்பனார் அபூ சுஃப்யான் அப்போது இஸ்லாத்தை ஏற்கவில்லை. அங்கேயே நஜ்ஜாஷி மன்னர் நிக்காஹ்வை நடத்திவைக்க, பெண் பக்கத்தில் உறவினரான காலித் பின் ஸயீத் (ரலி) நின்றார்கள். முஸ்லிம் உறவே இல்லையென்றால் காஜி அந்த இடத்தில் நிற்பார்.

நாட்டுச் சட்டம்

1937ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டப்படி முஸ்லிம்களின் திருமண விஷயங்களுக்கு முஸ்லிம் தனிச்சட்டம் பொருந்தும். ஒரு ஷாபிப் பெண் ஹனபி மத்ஹபை ஏற்றுத் தகப்பனின் சம்மதமில்லாமல் செய்துகொண்ட நிக்காஹ் செல்லும் என்று 1864இலேயே பம்பாயில் தீர்ப்பு வந்திருக்கிறது. நம் காலத்தில், கேரளத்தில் இஸ்லாத்தை ஏற்ற ஹாதியாவின் திருமணத்தை உயர் நீதிமன்றம் 2017இல் ரத்து செய்தது. 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, வயது வந்தவர் தனக்கு விருப்பமானவரை மணப்பது அவர் உரிமை என்றது. வலியே ஆனாலும் 18 வயது நிரம்பாத பெண்ணைக் கட்டிக்கொடுக்கக் கூடாது, 2006ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் அதைக் குற்றமாக்கியிருக்கிறது. தப்தரில் எழுதியதோடு விடாமல், 2009ஆம் ஆண்டின் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்திலும் பதிந்துவிடுங்கள்.

மஹர் பற்றி ஒரு வார்த்தை. அதைப் பேசி உயர்த்துவது வலியின் வேலை, ஆனால் மஹர் பெண்ணுக்குச் சொந்தம். வலி அதில் ஒரு காசு எடுக்க உரிமை இல்லை. குர்ஆன் 4:4 அதை அவர்களிடமே கொடுங்கள் என்கிறது. 1961ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டமும் மஹரை வரதட்சணைக் கணக்கில் சேர்க்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் கைக்கூலி கேட்கும்போது 'இது ஹராம்' என்று எழுந்து நிற்க வேண்டிய முதல் ஆள் வலி. நம் வீடுகளில் அவர்தான் கடன் வாங்கிக் கொண்டுபோய்க் கொடுக்கிறார். இதை நினைத்தால் எனக்கு வயிறு எரியும்.

இனி மாமாவைக் கேட்ட பிள்ளைக்கு வருகிறேன். வலியாக முடியாதவர் வக்கீலாக முடியும். கோர்ட்டு வக்கீல் இல்லை. வலி தன் பொறுப்பை இன்னொருவரிடம் ஒப்படைத்தால் அவரை வக்கீல் என்கிறோம், ஒப்படைப்பதை வகாலத் என்கிறோம். துபாயிலும் ரியாத்திலும் இருந்துகொண்டு லீவு கிடைக்காத வாப்பாமார் இப்படித்தான் மகளைக் கட்டிக்கொடுக்கிறார்கள். வீடியோ காலில் மேடையில் போனைத் தூக்கிப் பிடிப்பதைவிட, முன்கூட்டியே சாட்சிகள் கேட்க வகாலத் கொடுத்துவிட்டு இங்கே உள்ளவரைக் கொண்டு நடத்துவதையே ஹஜ்ரத்மார் விரும்புகிறார்கள். எங்கே இருக்கிறார் என்றே தெரியாமல் தகப்பன் தொலைந்துவிட்டால் ஷாபி சட்டப்படி காரியம் காஜியிடம் போகும்.

அவள் வாப்பா தொலையவில்லை. ஆந்திராப் பக்கம் நாயுடுபேட்டையில் இருப்பதாகத் தெரிந்தது. எட்டு வருஷமாகப் பேசாத மாமாவே போன் போட்டார், ஹஜ்ரத்தும் இன்னும் இரண்டு பேரும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார்கள். அந்தப் பக்கம் ரொம்ப நேரம் சத்தமே இல்லையாம். அப்புறம், "என் மகளை நிக்காஹ் செஞ்சு கொடுக்க உன்னை வக்கீலா ஆக்குறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

நிக்காஹ் வருகிற மாதம். போன வாரம் ஹஜ்ரத் முன்னால் மாமா வாசகத்தைச் சொல்லிப் பார்த்தாராம். வக்கீல் என்பதால் 'எனக்கு வகாலத் தந்த இன்னாரின் மகளை' என்று பெண்ணின் தகப்பன் பெயரைச் சொல்லித்தான் ஆரம்பிக்க வேண்டும். மூன்று தடவையும் அவர் வாயில் 'என் மகளை' என்றே வந்ததாம். ஹஜ்ரத் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறார். மாமா அதைப் பர்சில் வைத்துக்கொண்டு, கடையில் ஆள் இல்லாத நேரத்தில் எடுத்துப் படிக்கிறார் என்று அவள் சொன்னாள்.